பிரிக்காத உறையும் பெருநாள் காசும்



சில ஆண்டுகளுக்கு முன், தாம்பரத்தில் எங்கள் மக்தபில் ஒரு மாணவனின் பையிலிருந்து கிரிக்கெட் அட்டைகள் சிதறின. ஐ.பி.எல். வீரர்களின் படம் போட்டு டாப்ஸ் நிறுவனம் விற்ற ‘கிரிக்கெட் அட்டாக்ஸ்’ அட்டைகள். ஓதும் நேரத்தில் இதுவா என்று சினந்து, எல்லார் முன்னிலையிலும் கிழித்துப் போட்டேன். சிறுவன் அழவில்லை. “ஹஜ்ரத், அதுல ரெண்டு என்னோடது இல்ல. மாத்திக்கலாம்னு வாங்கி வந்தது” என்றான்.

அன்றிரவு எனக்கு உறக்கமில்லை. பிறர் பொருளை அழித்தவன் ஈடு கொடுக்க வேண்டும் என்று ஃபிக்ஹ் பாடத்தில் நடத்துபவனே நான். மறுநாள் இரு பிள்ளைகளுக்கும் பணம் கொடுத்து மன்னிப்புக் கேட்டேன். அதன் பிறகே, இதில் உண்மையில் தவறு எங்கே இருக்கிறது என்று நிதானமாக ஆராயத் தொடங்கினேன்.

சேர்ப்பதில் தவறில்லை. தபால்தலை சேர்த்தோரும் நாணயம் சேர்த்தோரும் நம் குடும்பங்களில் உண்டு. நானும் சிறுவயதில் ‘பிக் ஃபன்’ பபிள் கம்மில் வந்த கிரிக்கெட் படங்களைச் சேர்த்தவன்தான். ஒன்றுக்கு ஒன்றோ, ஒன்றுக்கு மூன்றோ, கண்ணால் பார்த்துக் கைக்குக் கை மாற்றிக்கொள்வதிலும் தடையில்லை. (உருவப்படம் பற்றிய கருத்து வேறுபாட்டை இங்கே இழுக்கவில்லை, வீட்டில் செய்தித்தாள் வாங்குவோர் அதை அட்டைக்கு மட்டும் எழுப்புவது நியாயமன்று.)

தவறு அந்த மூடிய உறையில் இருக்கிறது. கல்லை எறிந்து, அது எதன்மேல் விழுகிறதோ அதுவே வாங்கியவனுக்கு என்று அறியாமைக் காலத்தில் ஒரு வியாபாரம் இருந்தது. விரித்துப் பாராமல், தொட்டவுடனேயே துணி விற்றுப்போனதாகக் கொள்ளும் ‘முலாமஸா’ மற்றொன்று. இரண்டையும் நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். என்ன வாங்குகிறோம் என்றே தெரியாமல் காசைக் கொடுப்பது ‘கரர்’. சண்முகம் சாலைக் கடையில் தொங்கும் பளபளப்பான உறைக்கும் அந்தக் கல்லுக்கும் என்ன வேறுபாடு?

“ஒவ்வோர் உறையிலும் ஏதோ அட்டை இருக்கிறதே, வெறுங்கையோடு யாரும் திரும்பவில்லையே” என்பார்கள். மிட்டாய்க்காக மிட்டாய் வாங்கி, உடன் ஒரு படமும் வந்தால் அது இனாம். அதை அனுமதித்த அறிஞர்கள் உண்டு. ஆனால் உங்கள் பிள்ளை உறையைப் பிரிக்கும்போது கவனியுங்கள். மின்னும் அபூர்வ அட்டை இல்லையென்றால் மற்றவற்றை ஏறிட்டும் பார்ப்பதில்லை. அவன் வாங்கியது அட்டையை அல்ல, வாய்ப்பை. அல்மாயிதா அத்தியாயத்தின் 90ஆம் வசனம் மதுவோடு சேர்த்துச் சூதை எதற்காகச் சொன்னது என்பதை அந்த முகத்திலேயே படிக்கலாம்.

கணக்கையும் பாருங்கள். ஒரு வரிசையில் 20 சிறப்பு அட்டைகள். எல்லாம் சம அளவில் அச்சானவை என்றே வைத்துக்கொள்வோம். மாற்றிக்கொள்ளாமல் 20ஐயும் நிறைக்கச் சராசரியாக 72 சிறப்பு அட்டைகள் கைக்கு வர வேண்டும். கடைசி ஒன்றுக்கு மட்டுமே 20. ஐந்து உறைக்கு ஒரு சிறப்பு அட்டை, உறை 20 ரூபாய் என்றால் 360 உறைகள், 7,200 ரூபாய். சில அட்டைகளை வேண்டுமென்றே குறைவாக அச்சிட்டால் இன்னும் மேலே போகும்.

“இது முதலீடு, ஹஜ்ரத்” என்று ஓர் அன்பர் வாதிட்டார். அமெரிக்காவில் பேஸ்பால் வீரர் மிக்கி மேண்டிலின் 1952ஆம் ஆண்டு அட்டை ஒன்று 2022இல் 1 கோடியே 26 லட்சம் டாலருக்கு ஏலம் போனது உண்மைதான். அதே நாட்டில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இவ்வட்டைகளைச் சிகரெட் பெட்டிக்குள் வைத்து விற்றார்கள் என்பதும் உண்மை. சரக்கை விற்க அட்டை தூண்டில். இன்று தூண்டிலையே சரக்காக்கிவிட்டார்கள்.

என் கோபம் பிள்ளைகள்மீது அன்று. சென்ற பெருநாளில் ஒரு தந்தை, மகனுக்குக் கிடைத்த பெருநாள் காசு முழுவதற்கும் ஒரு பெட்டி உறைகளை வாங்கிக் கொடுத்தார். விடுபட்ட ஓர் அட்டை அதிலும் இல்லை. இன்னொரு பெட்டி வாங்கலாமா என்று என்னிடமே கேட்டார். அந்த அட்டை யாரிடம் இருக்கிறதோ அவரிடம் பேசி, விலை தெரிந்து, அதை மட்டும் வாங்குங்கள். அல்லது மாற்றிக்கொள்ளுங்கள் என்றேன்.

“கிடைக்காவிட்டால் வரிசை நிறையாதே?”

“நிறையாமலே இருக்கட்டும்” என்றேன். அவருக்கு அது பிடிக்கவில்லை. மகன் மட்டும் தன்னிடம் இரண்டாக இருந்தவற்றை எடுத்துத் தனியே அடுக்கத் தொடங்கினான்.