வள்ளூரில் 120 டெசிபல் எதற்கு?

ஹெட்போனில் பாட்டு கேட்பதற்காக மேசைமேல் வைக்கிற சின்ன டேக்-ஆம்ப் பெட்டிகளை விற்பவர்கள் இப்போது பெரிய எழுத்தில் போடுவது ஓர் எண்ணை: 120 டெசிபல். இதற்கு சினாட் என்று பெயர். பெட்டி தன் பங்குக்குச் சேர்க்கிற இரைச்சலும் சிதைவும் பாட்டைவிட எவ்வளவு தாழ்வாக இருக்கின்றன என்று காட்டும் கணக்கு அது. எண் ஏற ஏற விலையும் ஏறும். மீஞ்சூர், அத்திப்பட்டு, வள்ளூர், எண்ணூர் பக்கம் குடியிருக்கும் எவரும் அந்த எண்ணுக்காக ஒரு ரூபாய்கூட அதிகம் கொடுக்கத் தேவையில்லை என்பது என் கட்சி.

நான் இசை விமர்சகன் இல்லை. இந்த வட்டாரத்து ஆலைகளில் இன்ஸ்ட்ருமென்டேஷன் வேலை பார்த்தவன். பாய்லரில் மாட்டியிருக்கும் டிரான்ஸ்மிட்டரிலிருந்து கன்ட்ரோல் ரூம் வரை 4 முதல் 20 மில்லி ஆம்பியர் சிக்னலைச் சேதாரம் இல்லாமல் கொண்டுவந்து சேர்ப்பதுதான் பிழைப்பு. அந்த சிக்னலை எண்ணாக்க ஒரு கார்டு, எண்ணை மறுபடி கரன்டாக்கி வால்வுக்கு அனுப்ப இன்னொரு கார்டு என்று எங்கள் பேனலில் வரிசையாக நிற்கும். டேக் செய்வது அந்த இரண்டாவது கார்டின் வேலைதான். போனிலோ லேப்டாப்பிலோ எண்களாகக் கிடக்கும் பாட்டை மின்னலையாக மாற்றுகிறது. கூடவே இருக்கும் ஆம்ப், ஹெட்போனை ஓட்டும் அளவுக்கு அந்த அலைக்குத் தெம்பு கொடுக்கிறது. லேப்டாப்பில் ஹெட்போன் சொருகும் ஜாக்குக்குப் பின்னால் இந்த இரண்டும் ஏற்கெனவே இருக்கின்றன. ப்ளூடூத் ஹெட்போன் என்றால் இரண்டும் அந்த ஹெட்போனுக்குள்ளேயே இருக்கின்றன; அதை வைத்திருப்பவர்கள் தனியாகப் பெட்டி வாங்கினால் அது பேப்பர் வெயிட்டுக்குத்தான் ஆகும். என் அக்கா மகன் கேட்டபோது முதலில் இதைத்தான் சொன்னேன். "மாமா, என்கிட்ட இருக்கறது ப்ளூடூத்தாச்சே" என்றான். விஷயம் அங்கேயே முடிந்தது.

ஒயர் வைத்த ஹெட்போன்காரர்களுக்குத்தான் மீதிக் கதை.

எங்கள் ஊரைத் தெரியாதவர்களுக்கு: 500 மெகாவாட் யூனிட் மூன்று சேர்ந்து 1500 மெகாவாட் வள்ளூர் அனல்மின் நிலையம், என்டிபிசியும் தமிழ்நாடு மின்வாரியமும் கூட்டாகக் கட்டியது. பக்கத்தில் அத்திப்பட்டில் வடசென்னை அனல்மின் நிலையம். கிழக்கே காமராஜர் துறைமுகம், அதற்கு வடக்கே காட்டுப்பள்ளி துறைமுகம். இரண்டுக்கும் போகிற கன்டெய்னர் லாரிகள் ராத்திரி பகல் பார்ப்பதில்லை. கும்மிடிப்பூண்டி தடத்தில் சரக்கு ரயில். என்றைக்காவது நடுராத்திரியில் பாய்லர் சேஃப்டி வால்வு தூக்கிவிட்டால் தெருவே எழுந்து உட்காரும்.

இந்த ஊரில் என் அறையில் ஜன்னலைச் சாத்தி, ஃபேனை நிறுத்தி, போன் செயலியில் அளந்து பார்த்திருக்கிறேன். துல்லியமான கருவி இல்லைதான், ஆனாலும் 45 டெசிபலுக்குக் கீழே அது இறங்குவதில்லை. காதுக்கு இதமாகப் பாட்டு கேட்கிறவர் சராசரியாக 75 டெசிபலில் கேட்பார். மேளம் ஓங்கி விழும் இடத்தில் 95 வரை போகலாம். 95-இல் 45-ஐக் கழித்தால் 50. காதை நன்றாக அடைக்கும் இயர்போன் வெளிச்சத்தத்தில் 20 டெசிபலைத் தடுக்கிறது என்று வைத்துக்கொண்டாலும் 70. அதற்குக் கீழே இருக்கும் நுணுக்கமெல்லாம் லாரிக்காரருடைய ஹாரனுக்குப் போய்விட்டது. 16 பிட் சிடி கொடுக்கும் இடைவெளியே 96 டெசிபல். 120-ஐ வைத்துக்கொண்டு இங்கே யார் என்ன செய்வது?

பாட்டின் பக்கத்திலிருந்தும் கணக்குப் பார்க்கலாம். நம்மில் பலர் திரும்பத் திரும்பக் கேட்பது எழுபதுகளின், எண்பதுகளின் பாடல்களை. அவை காந்த நாடாவில் பதிவானவை. அந்த நாடாவுக்கே 60, 70 டெசிபல்தான் இடைவெளி. இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' இசைத்தொகுப்பு வந்த 1986 வாக்கில் பதிவான பாடல்களை அமைதியான இடத்தில் கேட்டால் வயலின் தொடங்குமுன் 'ஸ்ஸ்' என்று ஒரு மெல்லிய மூச்சு வரும். அது நாடாவின் இரைச்சல். எவ்வளவு விலைகொடுத்து வாங்கிய டேக்கும் அதை அழிக்காது. தெளிவாகக் கேட்க வைக்கும், அவ்வளவுதான். எனக்கு அந்த 'ஸ்ஸ்' பிடிக்கும். அது வேறு விஷயம்.

அடுத்து வாட். இதில்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். பெட்டியின்மேல் 'இரண்டு வாட்' என்று போட்டிருக்கும். 32 ஓம், ஒரு மில்லிவாட்டுக்கு 100 டெசிபல் கொடுக்கும் சாதாரண ஹெட்போனை எடுத்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து 110 டெசிபல் உச்சம் வர 10 மில்லிவாட் போதும், அதாவது அரை வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேலே. பெரும்பாலான லேப்டாப் ஜாக்கே அதைக் கொடுத்துவிடும். இரண்டு வாட்டையும் அந்த ஹெட்போனில் ஏற்றினால் கணக்குப்படி 133 டெசிபல். காதும் போகும், காயிலும் போகும். 300 ஓம் சென்ஹைசர் எச்டி 600 மாதிரியான ஹெட்போனுக்கு இரண்டரை வோல்ட் அளவு தேவைப்படும். அதற்கு ஆம்ப் வாங்குவதில் நியாயம் உண்டு. 600 ஓம் பேயர்டைனமிக் வைத்திருப்பவரும் தாராளமாக வாங்கலாம். 16 ஓம், 32 ஓம் இயர்போன் வைத்திருப்பவர் பெரிய ஆம்ப் வாங்கினால் நடப்பது தலைகீழ். குமிழை நூலளவு திருப்பினாலே கத்தும், பாட்டு இல்லாதபோது 'உஸ்' என்று இரையும். அவர் பார்க்கவேண்டியது லோ கெயின் சுவிட்ச் இருக்கிறதா என்பதையும், அவுட்புட் இம்பீடன்ஸ் ஹெட்போனின் ஓம் அளவில் எட்டில் ஒரு பங்குக்குக் கீழே இருக்கிறதா என்பதையும்தான்.

டேக்குக்குள் இருக்கும் சிப்பின் பெயரைச் சொல்லி விற்பது இன்னொரு வித்தை. ஏகேஎம்மா, ஈஎஸ்எஸ்ஸா என்று டீக்கடையில் சண்டை போடுகிறார்கள். 2020 அக்டோபரில் ஜப்பானின் நோபேயோகா நகரில் ஏகேஎம் சிப் ஆலை தீப்பிடித்து எரிந்தது. உலகம் முழுக்க சிப் தட்டுப்பாடு. ஃபியோ நிறுவனம் தன் கே5 ப்ரோ பெட்டியில் ஏகேஎம் சிப்பை எடுத்துவிட்டு ஈஎஸ்எஸ் சிப்பைப் போட்டு, பெயரின் பின்னால் அதை ஒட்டி விற்றது. அதே கூடு, அதே குமிழ், அதே வேலை. சர்க்யூட்டை ஒழுங்காகப் போடத் தெரிந்தவனுக்கு எந்த சிப்பும் பணியும். பாட்டைச் சுருக்கி அனுப்பும் எம்க்யூஏ என்ற முறையின் முத்திரை இருந்தால்தான் உயர்தரம் என்று ஒரு காலத்தில் பேசினார்கள். அந்த நிறுவனம் 2023-இல் நொடித்து நிர்வாகியின் கைக்குப் போனது; இணையத்தில் பாட்டு வழங்கும் டைடல் சேவையும் அடுத்த ஆண்டே அந்த முறையைக் கைவிட்டது. முத்திரைக்குக் காசு கொடுத்தவர்களிடம் இப்போது முத்திரை மட்டும் இருக்கிறது.

2011-இல் பெயரை வெளியே சொல்லாத ஒரு பொறியாளர் ஓ2 என்ற ஹெட்போன் ஆம்பின் வரைபடத்தை யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம் என்று இலவசமாகக் கொடுத்தார். சாதாரண ஆப்-ஆம்ப், சாதாரண ரெசிஸ்டர், ஆனால் ஒவ்வொன்றையும் அளந்து போட்டது. அதைவிடப் பல மடங்கு விலையுள்ள பெட்டிகளோடு அது தோளுரசி நின்றது. அடுத்த ஆண்டு மனிதர் சத்தமில்லாமல் காணாமல் போனார், இன்றுவரை யாரென்று தெரியாது. என் தொழிலில் இப்படிப்பட்ட ஆட்களைப் பார்த்திருக்கிறேன். பேனலைச் சரிசெய்துவிட்டு டூல்ஸ் பையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். விலையும் தரமும் ஒன்றல்ல என்பதை அளவுகளோடு காட்டிய அந்த வேலைக்குப் பிறகு, நல்ல ஆம்ப் மலிவாவதை யாராலும் தடுக்க முடியவில்லை. ஐபோனில் ஜாக்கைத் தூக்கிய ஆப்பிள் விற்கும் விரல் நீள டைப்-சி டாங்கிளுக்குள் இருக்கும் டேக், லேப்டாப்பில் சொருகினால் பல மேசைப் பெட்டிகளுக்குச் சவால் விடும். ஆண்ட்ராய்டு போனில் மட்டும் அதன் சத்தம் குறைவாக வரும், கவனம்.

அப்படியானால் மேசைப் பெட்டியே வேண்டாமா? வேண்டும், சிலருக்கு. டெஸ்க்டாப் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர் முன்பக்க ஜாக்கில் ஹெட்போனைச் சொருகி மவுஸை நகர்த்திப் பார்க்கட்டும். 'கிர்ர், சிர்ர்' என்று கேட்டால் கம்ப்யூட்டருக்குள் இருக்கும் மின் இரைச்சல் பாட்டில் கலக்கிறது. வெளியே வைக்கும் யுஎஸ்பி டேக் அதைத் தீர்க்கும். அந்தப் பெட்டியிலிருந்தே ஸ்பீக்கருக்கும் ஒயர் போகிறது, ஸ்பீக்கர் வேறு பிளக்கில் இருக்கிறது, 'ம்ம்ம்' என்று ஹம் வருகிறது என்றால் அது எர்த் லூப்: இரண்டு வழியாக எர்த்தோடு சேர்வதால் ஒயரில் சுற்றுகிற கரன்ட். ஆலையில் ஷீல்டு ஒயரை ஒரு முனையில் மட்டும் எர்த் செய்வது இதற்காகத்தான். லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். ஹம் நின்றால் டேக்கை மாற்றுவது தீர்வல்ல. லேப்டாப் சார்ஜரையும் ஸ்பீக்கரையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் சொருகுங்கள், இல்லை ஆப்டிகல் இன்புட் உள்ள பெட்டியாக வாங்கி கம்ப்யூட்டரை அதன் வழியாக இணையுங்கள். கண்ணாடி நூலிலும் பிளாஸ்டிக் நூலிலும் கரன்ட் போகாது, லூப் அறுந்துவிடும். ஆப்டிகல் ஓட்டை இருக்கிறதா என்று கேட்டு வாங்குகிற ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை. சிப் பெயரைக் கேட்காதவரையும் பார்த்ததில்லை.

சார்ஜர் என்றதும் இன்னொன்று: இரண்டு பின் சார்ஜரில் ஓடும் உலோக லேப்டாப்பைத் தொட்டால் சுர்ரென்று இழுக்கும். சார்ஜருக்குள் இருக்கும் கெபாசிட்டர் வழியாகக் கசியும் கரன்ட் அது. மீட்டர் வைத்தால் 230 வோல்ட்டில் பாதிவரை காட்டும், ஆளைக் கொல்லும் கரன்ட் இல்லை. டேக் வாங்கி வைத்தாலும் அந்தச் சுர்ரு போகாது. மூன்று பின் பிளக்கும் உயிரோடு இருக்கும் எர்த்தும் இருந்தால் போகும். கடலோரத்து உப்புமண்ணில் எர்த் கம்பி துருப்பிடித்து எந்த வீட்டில் எப்போது செத்தது என்று யாருக்கும் தெரிவதில்லை. டேக் வாங்க வைத்திருக்கும் பணத்தில் கொஞ்சம் எடுத்து ஓர் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் பிட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். சுர்ரு போவதோடு வீட்டில் உள்ளவர்களுக்கும் பாதுகாப்பு.

பெட்டி வாங்குவதென்று முடிவு செய்துவிட்டால், எங்கள் பக்கத்துக்காரர்கள் பார்க்கவேண்டியது விளம்பரத்தில் எங்குமே இல்லாத ஒன்று: சாம்பல். கொடியில் காயும் துணியில் படிகிற அதே சாம்பல்தான் காற்றோட்டத் துளை வைத்த பெட்டிக்குள்ளும் போகிறது. வால்யூம் குமிழுக்குள் இருக்கும் கார்பன் தடத்தில் உட்கார்ந்தால் திருப்பும்போதெல்லாம் 'கரகர'. ஒரு காது முதலில் மங்கும், பிறகு இன்னொன்று. கான்டாக்ட் கிளீனர் அடித்தால் கொஞ்ச நாள் தாங்கும். நான் சொல்வது: துளையில்லாத அலுமினியக் கூடு, டிஜிட்டல் வால்யூம், அடாப்டர் தேவைப்படாமல் யுஎஸ்பியிலேயே ஓடுவது. யுஎஸ்பி 2-இன் இரண்டரை வாட் ஹெட்போனுக்கு ஏராளம். பவர் ஹவுஸ் நிழலில் குடியிருந்தும் கரன்ட் போகிற ஊர் இது. லேப்டாப் பேட்டரியில் ஓடுகிற பெட்டி என்றால் பாட்டாவது நிற்காது.

பணத்தில் பெரும்பங்கு காதுக்குப் பக்கத்தில் இருக்கும் பொருளுக்குப் போகவேண்டும். பின்பக்கம் திறந்த ஹெட்போன்கள் அருமையானவைதான், ஆனால் அடையாறு பக்கம் மரத்தடி வீட்டுக்கு. இங்கே காதுக்குள் அடைக்கும் இயர்போன், நுரை டிப் போட்டு. லாரியின் அடிச்சத்தத்தைக் காது மூடும் பெரிய ஹெட்போனைவிட அதுதான் நன்றாக மறைக்கிறது. அதில் 'மெட்ராஸ்' படத்தில் கானா பாலா பாடியதைக் கேளுங்கள். தாளத்தின் அடி வயிற்றில் விழுந்தால் ஆம்ப் போதும் என்று அர்த்தம்.

ஆலை வேலைக்காரர்களுக்குத் தனியாக ஒன்று. ஃபீட் பம்ப், கோல் மில், ஐடி ஃபேன் பக்கத்தில் வருடக்கணக்கில் நின்றவர் காதில் முதலில் சாய்வது 4000 ஹெர்ட்ஸ் பக்கம். என் ஆடியோகிராமிலும் அங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. தாளத்தட்டின் மினுமினுப்பும், பேச்சில் 'ச', 'ஸ' வித்தியாசமும் இருக்கும் இடத்துக்குப் பக்கம் அது. ஆலைக்குள் 8 மணி நேரத்துக்கு 90 டெசிபல் என்பது சட்டத்தின் எல்லை. பாட்டு கேட்பதற்கு உலக சுகாதார நிறுவனம் சொல்வது இன்னும் கறார்: 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம், 90-இல் வெறும் 4 மணி நேரம். ஷிஃப்டில் ஏற்கெனவே கோட்டாவைத் தீர்த்துவிட்டு வீட்டுக்கு வருகிறவருக்கு இரண்டு வாட் ஆம்ப் விற்பது நியாயமில்லை. ராயபுரம் பக்கம் ஸ்டான்லி அரசு மருத்துவமனை இருக்கிறது. எந்தப் பெட்டி வாங்குவதற்கு முன்னும் அங்கே காது மூக்கு தொண்டைப் பிரிவில் காதைக் காட்டிவிட்டு வாருங்கள்.

பிறகு அத்திப்பட்டு புதுநகரில் ரயில் ஏறி சென்ட்ரல் இறங்கி ரிச்சி தெருவுக்குப் போங்கள். உங்கள் ஹெட்போனையும், வரிக்கு வரி தெரிந்த பாட்டையும் கையோடு கொண்டுபோங்கள். பெட்டியைப் பிரித்துக் கேட்கவிடும் கடையாகப் பாருங்கள். கடைக்காரர் விலை கூடிய பெட்டிக்கு மாற்றும்போது குமிழையும் லேசாகக் கூட்டிவிடுவார். கால் டெசிபல் அதிகமானாலே காது அதை 'தெளிவு' என்று நம்பிவிடும். குமிழை நீங்களே பிடித்து, இரண்டையும் ஒரே சத்தத்துக்குக் கொண்டுவந்து, கண்ணை மூடிக் கேளுங்கள். வித்தியாசம் தெரியவில்லையென்றால் மலிவானதை வாங்குங்கள்.