புகைபோக்கி இருந்தும் புகையா?

ராயகிரியிலிருந்து ஒரு சகோதரி எழுதுகிறார்: "வெந்நீருக்கும் பெரிய சமையலுக்குமாகப் பின்கட்டில் புகைபோக்கி வைத்த இரட்டை அடுப்பு போட்டோம். பத்து நாளாகிறது. புகையெல்லாம் என் முகத்தில்தான் அடிக்கிறது. எனக்கு அடுப்பெரிக்கத் தெரியவில்லை என்கிறார்கள் வீட்டில். மாமியாருக்கோ ஓயாத இருமல். இடித்துவிடலாமா?"

இடிக்க வேண்டாம், அம்மா! உங்கள் கைமேலும் பழியில்லை. புகைபோக்கி சூடானால்தான் புகையை இழுக்கும். அந்த இழுப்பு எங்கே கெடுகிறது என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

புது மண்ணும் செங்கல்லும் ஈரமாக இருக்கும். சில நாள் சிறு தீயே போட்டு உலர விடுங்கள். விறகு வைக்குமுன், புகைபோக்கியை ஒட்டிய கண்ணில் காகிதத்தையோ காய்ந்த ஓலையையோ கொளுத்துங்கள். குழாய் சூடேறி இழுக்கத் தொடங்கும்.

ஒரு கண்ணில் மட்டும் சமைக்கிறீர்களா? மற்றக் கண்ணைத் தட்டு போட்டு மூடுங்கள். திறந்திருந்தால் இழுப்பு அங்கேயே போய்விடும். தீ எரியும்போது ஊதுபத்தி ஒன்றைப் பாத்திர விளிம்பிலும் மண் பூச்சிலும் காட்டிப் பாருங்கள். அதன் புகை உள்ளே ஓடுமிடத்தில் விரிசல் இருக்கிறது. மண் குழைத்துப் பூசுங்கள்.

ஈரமான சீமைக்கருவேல விறகு புகையத்தான் செய்யும். மெல்லியதாகப் பிளந்து, நன்றாக உலர்த்தி, அடுப்பு வாயில் காற்றுப் புக இடம் விட்டு வையுங்கள்.

இவ்வளவும் செய்து, ஆனி ஆடியில் மட்டும் புகை திரும்புகிறதா? மேற்கு மலையிலிருந்து வரும் காற்றுதான் காரணம். புகைபோக்கி கூரை முகட்டுக்கு மேல் இரண்டடியாவது உயர்ந்திருக்க வேண்டும். அதன் தலையில், பக்கவாட்டில் புகை வெளியேறும்படி ஒரு மூடி வேண்டும். கொத்தனாரைக் கூப்பிட வேண்டியது இதற்குத்தான்.

1953-ல் ஹைதராபாத் பொறியியல் ஆராய்ச்சிக் கூடத்தின் டாக்டர் எஸ். பி. ராஜு புகையில்லாச் சமையலறைக்கு வழி சொல்லி ஒரு சிறு நூல் வெளியிட்டார். 1983-ல் மத்திய அரசு நாடெங்கும் இத்தகைய அடுப்புகளைப் பரப்பத் தொடங்கியது. ஆனால் பல வீடுகளில் கரி அடைத்தும் விரிசல் விட்டும் அவை வீணாயின. போட்டுக் கொடுத்தவர்கள், பிறகு பராமரிக்கக் கற்றுக் கொடுக்கவில்லை. ஆகவே மாதம் ஒருமுறை, அடுப்பு ஆறியபின், கம்பில் துணி சுற்றிப் புகைபோக்கியின் கரியைத் தட்டிவிடுங்கள்.

ஓர் எச்சரிக்கை: ஜன்னலை மூடிக்கொண்டு தணல் வைத்திருக்காதீர்கள். கண்ணுக்குத் தெரியாத, வாசனையும் இல்லாத கார்பன் மோனாக்சைடு உயிரையே வாங்கிவிடும். தலைவலி, மயக்கம் கண்டால் உடனே எல்லோரும் வெளியே வந்துவிடுங்கள்.

அடுப்பு சீராகும்வரை மாமியாரைப் பின்கட்டுக்கு வரவிடாதீர்கள். அவருடைய இருமலுக்கு அடுப்பு சரியாகட்டும் என்று காத்திராமல், இப்போதே டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.