கட்டிவிட்டு மறந்துவிடலாமா?

வர்ஜீனியாவின் தென்கோடியில், வட கரோலினாவுக்குள் நுழைவதற்கு முன்னால், ஐ-95 நெடுஞ்சாலை பைன் காடும் கடலைக்கொல்லையும் பருத்தி வயலுமாகக் கிடக்கிற கவுன்ட்டிகளின் வழியே நேராக ஓடுகிறது. நியூ ஜெர்சியிலிருந்து தெற்கே உறவினர் வீட்டுக்குக் காரில் போகும் தமிழ்க் குடும்பங்களுக்குப் பழகிய பாதை. வாஷிங்டன் நெரிசல் தாண்டியாயிற்று, பிள்ளைகள் பின்னால் தூங்கிவிட்டார்கள், சாலை காலி. வேகம் ஏறுவது தெரிவதில்லை. கண்ணாடியில் நீல விளக்கு சுழலும்போதுதான் தெரிகிறது.

போன வருஷம் அப்படி மாட்டிய ஒரு தம்பி எனக்குப் போன் செய்தார். 70 மைல் எல்லையில் 87. "அண்ணே, எல்லாரும் கட்டிட்டு மறந்துடுன்னு சொல்றாங்க. சரி, கட்டித் தொலைப்போம்னு பார்த்தா, ஆன்லைன்ல என் பேரே இல்லை. சின்ன ஊருதானே, பதிவே பண்ணாம விட்டுட்டாங்களோ? அப்படியே விட்டுடவா?"

இருபது வருஷமாக இந்த மாநிலத்தில் இருக்கிறேன். இந்த யோசனையை விருந்துகளிலும் வாட்ஸப் குழுக்களிலும் கேட்டுக் கேட்டு மனம் நொந்துபோனது. சொல்பவர்கள் நல்ல எண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். கிராமத்துக் கவுன்ட்டி, ஏட்டுக் கட்டு எங்கோ தூசியில் கிடக்கும், யாரும் பார்க்கப்போவதில்லை. பணத்தைக் கட்டினால் கதை முடிந்தது. வெளி மாநிலப் பாயின்ட் நம் லைசென்ஸில் ஏறாது. மீறிப் போய் நின்றாலும் நீதிபதியும் போலீஸும் ஒரே ஊர்க்காரர்கள், நியாயம் கிடைக்காது. இந்த நான்கையும் சேர்த்து ஒரே வாக்கியமாக்கிச் சொல்வார்கள். நான்குமே தவறு. ஒன்றிரண்டில் மட்டும் கொஞ்சம் உண்மை ஒட்டிக்கொண்டிருக்கிறது.

முதலில் ஏட்டுக் கட்டு விஷயம். வர்ஜீனியாவில் போக்குவரத்து வழக்குகளை விசாரிப்பது ஜெனரல் டிஸ்ட்ரிக்ட் கோர்ட். கடைக்கோடிக் கவுன்ட்டியாக இருந்தாலும் அதன் வழக்குப் பட்டியல் மாநில நீதித்துறையின் இணையத்தில் இருக்கிறது. காசு கேட்பதில்லை. பெயரைப் போட்டோ, விசாரணை நாளைப் போட்டோ, ஜிடி என்று தொடங்கும் வழக்கு எண்ணைப் போட்டோ யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். நீங்கள் பார்க்க முடிகிற அதே இடத்தில் வீடு வாடகைக்கு விடுபவரும் வேலைக்கு எடுப்பவரும் பார்க்கலாம். யாரும் பார்க்கப்போவதில்லை என்ற நம்பிக்கை இங்கேயே உடைந்துவிடுகிறது.

அப்படியானால் தம்பியின் பெயர் ஏன் கிடைக்கவில்லை? இரண்டு காரணங்கள். இரண்டும் நம்மவர்களை அடிக்கடி இடறவைப்பவை.

வர்ஜீனியாவில் 95 கவுன்ட்டிகள், அவற்றோடு சேராத 38 தனி நகரங்கள். தனி நகரம் கவுன்ட்டிக்கு நடுவிலேயே தீவு மாதிரி உட்கார்ந்திருக்கும், ஆனால் கவுன்ட்டியின் பகுதி ஆகாது. க்ரீன்ஸ்வில் கவுன்ட்டிக்கு நடுவில் எம்போரியா நகரம் இருப்பது இந்த வகைதான். அமெரிக்கா முழுவதிலும் இப்படிப்பட்ட தனி நகரங்கள் 41தான். அதில் 38 இந்த ஒரு மாநிலத்தில். ஆகவே ஜிபிஎஸ் காட்டிய ஊர்ப் பெயரை வைத்துக் கோர்ட்டைத் தேடினால் கிடைக்காமல் போகலாம். சம்மன் தாளின் மேல்பகுதியில் எந்தக் கோர்ட், என்ன முகவரி, எந்த நாள், எத்தனை மணி என்று எழுதியிருக்கும். அதுதான் கணக்கு. தம்பி பக்கத்து நகரத்தின் பட்டியலைத் துழாவிக்கொண்டிருந்தார்.

இரண்டாவது, நம் பெயர். கோர்ட் பட்டியலில் குடும்பப் பெயர் முன்னால், காற்புள்ளி, பிறகு சொந்தப் பெயர். நமக்கோ குடும்பப் பெயரே கிடையாது. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் ஒரு பக்கம் போயிருக்கும், லைசென்ஸில் அது இடம் மாறியிருக்கும், நீளமான பெயர் பாதியில் வெட்டுப்பட்டிருக்கும். ராத்திரி பதினொரு மணிக்கு டார்ச் வெளிச்சத்தில் அதைப் பார்த்து எழுதும் காவலரிடம் எழுத்துப் பிழையை எதிர்பார்க்கத்தான் வேண்டும். செந்தில்குமார் முருகேசன் என்பவர் தன்னை அப்பா பெயரிலும் தேட வேண்டும், தன் பெயரிலும் தேட வேண்டும், 'செந்தில்' வரை மட்டும் போட்டும் தேட வேண்டும். பிறந்த தேதியில் மாதமும் நாளும் தெரியும், வருஷம் மறைந்திருக்கும். ஆள் இவர்தானா என்று அதை வைத்து உறுதி செய்துகொள்ளலாம். தம்பியை நாங்கள் கண்டுபிடித்தது அவருடைய அப்பாவின் பெயரில். எதிலும் கிடைக்காவிட்டால் கிளார்க் அலுவலகத்துக்கு ஒரு போன் போதும். சின்னக் கவுன்ட்டியில் ஒரு நன்மை உண்டு: போனை மனிதர் எடுப்பார்.

பெயர் கிடைத்ததும் அடுத்த அதிர்ச்சி. பணம் கட்டும் வழியே அந்த வழக்குக்கு இல்லை.

'கட்டினால் முடிந்தது' என்ற இரண்டாவது வாதம் விழுவது இங்கேதான். வர்ஜீனியாவில் எல்லையைவிட 20 மைல் கூடுதலாக ஓட்டினாலோ, எல்லை எதுவாக இருந்தாலும் 85 மைலைத் தாண்டினாலோ, அது வேக டிக்கெட் என்ற நிலையைக் கடந்துவிடுகிறது. அதன் பெயர் ரெக்லஸ் டிரைவிங், பொறுப்பற்ற ஓட்டம். முன்பு 80ஐத் தாண்டினாலே மாட்டிக்கொள்வோம். 2020 ஜூலையில்தான் 85 ஆக்கினார்கள். இது கிளாஸ் 1 மிஸ்டிமீனர், அதாவது குற்றவியல் வழக்கு. சட்டப்படி 12 மாதம் வரை சிறை, 2,500 டாலர் வரை அபராதம். 70 மைல் சாலையில் 86 போனவர் 16 மைல்தான் கூடுதல் என்று நினைத்துக்கொண்டிருப்பார். சட்டம் அவரைக் குற்றவியல் கோட்டுக்கு அந்தப்பக்கம் நிறுத்தியிருக்கும். இதை முன்கூட்டிக் கட்ட முடியாது. கோர்ட்டுக்குப் போக வேண்டும். பல நீதிபதிகள் வக்கீல் மட்டும் வந்தால் போதும் என்பார்கள். சிலர் ஆளே வர வேண்டும் என்பார்கள். யாரும் போகாவிட்டால், ஆள் இல்லாமலே குற்றவாளி என்று எழுதலாம், கைது ஆணையும் பிறப்பிக்கலாம். 'அப்படியே விட்டுடவா' என்று தம்பி கேட்டபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது இதனால்தான்.

கட்டக்கூடிய சாதாரண வேக டிக்கெட்டாகவே இருக்கட்டும். பணம் கட்டுவது அபராதச் சீட்டு வாங்குவது மாதிரி ஒரு கொடுக்கல் வாங்கல் என்று நம்மவர்கள் நினைக்கிறார்கள். சாலையோரத்தில் சம்மனில் போடும் கையெழுத்துக்கு 'வருகிறேன்' என்று மட்டும்தான் அர்த்தம். குற்றத்தை ஒப்புக்கொண்டதாக ஆகாது. ஆனால் பணத்தைக் கட்டிய நொடியில் விசாரணையை வேண்டாம் என்று சொல்லித் தண்டனையை ஏற்றதாக ஆகிவிடுகிறது. பட்டியலில் 'ப்ரீபெய்ட்' என்று ஒரு சொல் விழும். மோட்டார் வாகனத் துறைக்கு அது தண்டனைத் தீர்ப்பு.

பாயின்ட் விஷயத்தில் நீண்ட வாதம் தேவையில்லை. பெரும்பாலான மாநிலங்கள் டிரைவர் லைசென்ஸ் காம்பாக்ட் என்ற ஒப்பந்தத்தில் சேர்ந்து தீர்ப்புகளைப் பகிர்ந்துகொள்கின்றன. வெளி மாநிலத்தில் வாங்கிய தண்டனைக்கு நியூ ஜெர்சி தன் கணக்கில் 2 பாயின்ட் போடும். நியூயார்க் பொதுவாகப் போடாது. இந்தப் பேச்சு அங்கிருந்துதான் கிளம்பியிருக்க வேண்டும். ஆனால் நியூயார்க்காரரும் சம்மனைக் கண்டுகொள்ளாமல் விட்டால், பதில் சொல்லாதவரின் லைசென்ஸைச் சொந்த மாநிலமே முடக்குவதற்குத் தனியாக இன்னொரு ஒப்பந்தம் இருக்கிறது.

கோர்ட் பற்றிய வாதத்தைத்தான் நான் மரியாதையோடு அணுகுவேன், ஏனென்றால் அதற்குப் பின்னால் உண்மையான வரலாறு இருக்கிறது. தண்டித்தால்தான் நீதிபதியாக உட்காரும் மேயருக்குப் பங்கு கிடைக்கும் என்ற ஓஹையோ ஏற்பாட்டை 1927இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் டுமி வழக்கில் செல்லாது என்றது. வேகப் பொறிக்குப் பேர்போன ஃப்ளோரிடாவின் வால்டோ ஊர் 2014இல் தன் போலீஸ் துறையையே கலைத்தது. ஆகவே சந்தேகம் நியாயமானது. ஆனால் அந்தச் சந்தேகத்தை எல்லாக் கவுன்ட்டி மேலும் அப்படியே போர்த்தக் கூடாது. வர்ஜீனியாவில் இந்த நீதிபதிகளை ஊர்க்காரர்கள் தேர்ந்தெடுப்பதில்லை. மாநிலச் சட்டமன்றம் 6 வருஷத்துக்குத் தேர்ந்தெடுக்கிறது. மாநிலச் சட்டத்தின் கீழ் போட்ட அபராதம் கவுன்ட்டிக் கஜானாவுக்குப் போகாது. மாநில அரசியல் சாசனப்படி பள்ளிகளுக்கான லிட்டரரி ஃபண்டில் சேரும். உள்ளூர்ச் சட்டத்தின் கீழ் எழுதினால்தான் பணம் உள்ளூருக்கு. எந்தச் சட்டம் என்று சம்மனிலேயே குறித்திருக்கும். தீர்ப்பு பிடிக்கவில்லையென்றால் 10 நாளுக்குள் சர்க்யூட் கோர்ட்டுக்குப் போகலாம். அங்கே வழக்கு முதலிலிருந்து புதிதாக நடக்கும்.

தம்பியோடு நானும் போனேன். எட்டரைக்கெல்லாம் வாசலில் வரிசை. பல கோர்ட்டுகளைப் போல அங்கேயும் செல்போனுக்கு அனுமதியில்லை. தெரியாமல் வந்தவர்கள் காருக்குத் திரும்பி ஓடினார்கள். 'எல்லாம் போன்ல இருக்கு சார்' என்றவரிடம் காட்ட ஒன்றுமே இல்லாமல் போனது. தம்பி எல்லாவற்றையும் அச்செடுத்து ஒரு காக்கி உறையில் வைத்திருந்தார்: நியூ ஜெர்சியின் ஓட்டுநர் பதிவு, மெக்கானிக்கிடம் ஸ்பீடோமீட்டரைச் சோதித்து வாங்கிய சான்று, 8 மணி நேர டிரைவிங் வகுப்பு முடித்த தாள். முன்வரிசையில் மாநிலப் போலீஸ் ட்ரூப்பர்கள் மடியில் சம்மன் கட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். ஒரே ட்ரூப்பர் எழுதிய டிக்கெட்டெல்லாம் ஒரே நாளில் வரும்படிதான் தேதி கொடுக்கிறார்கள். தம்பியை நிறுத்திய ட்ரூப்பர் ராடார் அளவைச் சொல்லி, கருவியைச் சரிபார்த்த சான்றையும் காட்டினார். அந்தச் சான்று 6 மாதத்துக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும். அவருடையது சரியாகவே இருந்தது. "மரியாதையாக நடந்துகொண்டார்" என்று அவரே ஒரு வார்த்தை சேர்த்தார். நீதிபதி உறையிலிருந்த தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். ரெக்லஸை எடுத்துவிட்டுச் சாதாரண வேக மீறலாகக் குறைத்தார். மொத்தம் மூன்று நிமிஷம் இருக்கும். எல்லாருக்கும் இப்படி நடக்குமென்று நான் சொல்லவில்லை. தம்பிக்கு முன்னால் 98 மைலில் வந்தவருக்குக் குறைக்கவில்லை. போகாதவருக்குக் குறைப்பதற்கு யாரும் இல்லை என்பதை மட்டும் சொல்கிறேன். தேதியைத் தவறவிட்டுத் தண்டனை பெற்றவருக்கும், தகுந்த காரணம் இருந்தால் 60 நாளுக்குள் வழக்கைத் திரும்பத் திறக்கச் சொல்லி மனுப் போட வழி இருக்கிறது.

'மறந்துவிடு' என்ற கடைசிச் சொல்தான் எனக்கு மிகவும் கோபமூட்டுவது. எச்1பியில் இருப்பவர் இதை மறக்கவே முடியாது. விசா முத்திரைக்காகச் சென்னைத் துணைத் தூதரகத்துக்குப் போகும்போது, கைதோ தண்டனையோ உண்டா என்று டிஎஸ்-160 படிவம் கேட்கும். ரெக்லஸ் தண்டனை பெற்றவர் அங்கே 'இல்லை' என்று எழுத முடியாது. கிரீன் கார்டுக்கான ஐ-485 இன்னும் விரிவாக, எப்போதாவது சம்மன் வாங்கியதுண்டா என்றே கேட்கும். மது, போதை சம்பந்தமில்லாமல் 500 டாலருக்குள் அபராதத்தோடு முடிந்த சாதாரண டிக்கெட்டுக்குப் பொதுவாக ஆவணம் கேட்பதில்லை. ஆனால் மிஸ்டிமீனராகப் பதிவான வழக்கென்றால் கோர்ட்டின் சான்றிட்ட நகல் வேண்டும். வேகமாக ஓட்டியதற்காகக் கிரீன் கார்டு போவது அரிது. மறைத்துவிட்டுப் பிறகு மாட்டினால்தான் சிக்கல்.

இதில் யாரும் கவனிக்காத ஒரு காலக்கணக்கு இருக்கிறது. வர்ஜீனியாவின் இந்தக் கோர்ட்டுகள் போக்குவரத்து வழக்குக் காகிதங்களைப் பொதுவாக 10 வருஷம் வைத்திருந்துவிட்டு அழிக்கலாம். ரெக்லஸ் தண்டனை மோட்டார் வாகனத் துறைப் பதிவில் 11 வருஷம் நிற்கும். இந்தியர்களுக்கோ கிரீன் கார்டு வரிசை பத்து வருஷத்தைத் தாண்டி நீள்கிறது. ஆகவே ஆவணத்தைக் கேட்கும் நாளில் கோர்ட்டில் ஆவணமே இல்லாமல் போகலாம். 'பதிவு இல்லை' என்று கிளார்க்கிடம் கடிதம் வாங்க அலைய வேண்டியிருக்கும். இணையத்தில் தெரிவதை அச்செடுத்தால் போதும் என்றும் நினைக்க வேண்டாம். அது தகவல் மட்டும்; முத்திரை இருந்தால்தான் சான்று.

தீர்ப்பு வந்ததும் தம்பி காரை நோக்கி நடந்தார். நான் கையைப் பிடித்துக் கிளார்க் ஜன்னலுக்கு அழைத்துப் போனேன். அந்த அம்மா சொற்பக் கட்டணம் வாங்கிக்கொண்டு, சம்மனின் முன்பக்கத்தையும் தீர்ப்பு எழுதிய பின்பக்கத்தையும் நகலெடுத்து, முத்திரை குத்திக் கையெழுத்துப் போட்டுத் தந்தார். இரண்டு பிரதி வாங்கினோம். ஒன்று அவருடைய கிரீன் கார்டுக்கான ஐ-140 கோப்பில் இருக்கிறது. இன்னொன்று ஊரில் அவர் அம்மாவின் பீரோவில், பாஸ்போர்ட் பழைய பிரதிகளோடு.