கஃபீல் என்னும் சொல்

'கஃபாலா' என்னும் அரபுச் சொல்லுக்குப் பொறுப்பேற்றல் என்பது பொருள். அன்னை மர்யம் (அலை) அவர்களை வளர்க்கும் பொறுப்பை ஸக்கரிய்யா (அலை) அவர்கள் ஏற்றதைத் திருக்குர்ஆன் இச்சொல்லின் மூலத்தைக் கொண்டே உரைக்கிறது. ஃபிக்ஹு நூல்களிலோ, பிறனுடைய கடனுக்குத் தன்னைப் பிணையாக்கிக் கொள்பவனே கஃபீல். சுமை அவன் தோளில். வளைகுடா நாடுகளின் வேலைச் சந்தையில் இது தலைகீழாயிற்று. சுமப்பவன் தொழிலாளி, அவனுடைய பாஸ்போர்ட்டோ பல இடங்களில் கஃபீலின் பெட்டியில்!

கொடிய அநீதிகளைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டனர். நான் சொல்ல வருவது ஓசையில்லாத அநீதி. ஒரே அலுவலகம், ஒரே கணக்கு வேலை. ஊதியம் மட்டும் பாஸ்போர்ட்டைப் பார்த்து. வேலை கற்றுக் கொடுப்பவர் நம்மூர்ப் பிள்ளை. கற்றுக்கொண்ட ஐரோப்பியர் மறு ஆண்டே அவருக்கு மேலதிகாரி. யாரும் ஏசவில்லை, அடிக்கவில்லை. ஆகவே முறையிடவும் வழியில்லை. 'ரஃபீக்' என்றுதான் அழைக்கிறார்கள். தோழன் என்று பொருள்படும் சொல். நாயகம் (ஸல்) அவர்கள் இறுதி வேளையில் உச்சரித்த சொல். அதைச் சிப்பந்தியைக் கூப்பிடும் ஓசையாக்கிவிட்டார்களே என்று அரபி ஓதியவன் நெஞ்சு வேகிறது.

2019இல் கத்தாருக்குச் சென்ற ஐ.நா.வின் இனவாத எதிர்ப்புச் சிறப்பு அறிக்கையாளர் டெண்டாயி அச்சியூமே, பிறந்த நாட்டை அளவுகோலாகக் கொண்ட சாதிமுறை போன்றதொன்று அங்கே நடைமுறையில் இருப்பதாகக் கூறினார். சாதியா! எதை உதறிவிட்டு நம் முன்னோர் இந்தத் தீனுக்குள் வந்தார்களோ, அது. 2021 மார்ச் முதல் எந்நாட்டவர்க்கும் பொதுவாக மாதம் 1000 ரியால் குறைந்தபட்சக் கூலி என்று அந்நாடு சட்டம் செய்தது, வரவேற்போம். ஆனால் அடிப்படியைச் சமன் செய்த சட்டம் மேற்படிகளைத் தொடவில்லை.

"முஸ்லிம் நாடுகளைக் குறை கூறலாமா?" என்பார் உளர். ஹஜ்ஜத்துல் விதாவில் அரபியும் அஜமியும் சமமென்று அறிவித்தவர் யார்? ஒருவரை அவருடைய அஜமித் தாயைச் சுட்டி இழித்த அபூதர் (ரலி) அவர்களிடம், ஜாஹிலிய்யத்தின் குணம் இன்னும் இருக்கிறதென்று கண்டித்தவர் யார்? தோழரையே கண்டித்த மார்க்கம் கஃபீலுக்கு விலக்கு அளிக்குமா?

நம் குடும்பங்களும் பதில் சொல்ல வேண்டும். மாதந்தோறும் வரும் பணத்தை எண்ணுகிறோம். இத்தனை ஆண்டுகளாக ஏன் அதே நாற்காலி என்று மகனிடம் ஒருநாள் கேட்டதுண்டா? அதுவும் போகட்டும். பீகாரிலிருந்து நம் கடைகளுக்கு வந்திருக்கும் பிள்ளையைப் பெயர் கேளாமல் 'பையா' என்கிறோமே, அதற்கு அவன் மொழியில் அண்ணன் என்று பொருள். அந்த அண்ணனுக்கும் உள்ளூர்ப் பையனுக்கும் ஒரே கூலிதானா, முதலாளிமார்களே?