முதலில் காப்பீடு, அடுத்தது பதிவு, வரம்பு வந்தால் ஜிஎஸ்டி
தோட்டப் பராமரிப்புத் தொழில் தொடங்குவோர் குறித்து எங்கள் சங்கத்தின் நிலைப்பாட்டு அறிக்கை

தமிழ்நாட்டு நகரங்களில் வீடுகள், அடுக்குமாடிக் குடியிருப்புகள், அலுவலக வளாகங்கள் ஆகியவற்றின் புல்தரையையும் செடிகளையும் மாதக் கட்டணத்துக்குப் பராமரிக்கும் சிறு ஒப்பந்தக்காரர்களின் சங்கம் எங்களுடையது. இரண்டு ஆட்களும் ஒரு பிரஷ் கட்டரும் இருந்தால் இந்தத் தொழிலில் இறங்கிவிடலாம். இறங்குகிறவர்கள் எங்களிடம் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் "ஜிஎஸ்டி எடுக்கணுமா?" என்பதுதான். காப்பீட்டைப் பற்றிக் கேட்பவர்கள் குறைவு. கேட்பவர்களிலும் பலர் விபத்து நடந்த பிறகே கேட்கிறார்கள்.

இந்த வரிசை மாற வேண்டும். முதல் நாள் வேலைக்குப் போகும் முன் காப்பீடு, முதல் பில் போடும் முன் உதயம் பதிவு, வருமானம் சட்ட வரம்பைத் தொடும்போது ஜிஎஸ்டி. இதுவே சங்கத்தின் நிலைப்பாடு.

1. காப்பீடு ஏன் முதலில்?

பிரஷ் கட்டரின் நைலான் நரம்பு நிமிடத்துக்குப் பல ஆயிரம் சுற்று சுழல்கிறது. புல்லுக்குள் மறைந்து கிடக்கும் சிறு ஜல்லி அதில் பட்டால் பக்கத்தில் நிற்கும் காரின் கண்ணாடி வரை பாயும். அந்தக் கண்ணாடியை மாற்றும் செலவு ஒரு வாடிக்கையாளர் தரும் பல மாதக் கட்டணத்தைத் தின்றுவிடும். அதே கல் வழியில் போகும் ஒருவரின் கண்ணில் பட்டால் தொழிலே அத்தோடு முடிந்தது. ஜிஎஸ்டி தாமதமானால் வட்டியும் அபராதமும் கட்டி மீளலாம். காப்பீடு இல்லாத விபத்திலிருந்து மீள்வது கடினம்.

மூன்று வகைப் பாதுகாப்பு தேவை என்கிறோம். முதலாவது, மற்றவர் உடலுக்கோ உடைமைக்கோ நேரும் சேதத்துக்கான பொறுப்புக் காப்பீடு. இரண்டாவது, தொழிலாளர் இழப்பீட்டுக் காப்பீடு. வேலையின்போது தொழிலாளிக்கு விபத்து நேர்ந்தால் இழப்பீடு தரும் பொறுப்பு வேலை கொடுப்பவருடையது என்பது 1923-ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்தே நம் நாட்டில் நிலைத்துவிட்ட கொள்கை. பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்தால், 21,000 ரூபாய் வரை மாத ஊதியம் பெறுவோருக்கு இஎஸ்ஐ கட்டாயம். முதலாளி 3.25 சதவீதமும் தொழிலாளி 0.75 சதவீதமும் கட்ட வேண்டும். ஆனால் எங்கள் தொழிலில் மூன்று நான்கு பேர் கொண்ட குழுக்களே அதிகம். அவர்கள் இஎஸ்ஐக்கு வெளியே நிற்கிறார்கள் என்பதால்தான் தனிக் காப்பீட்டை வலியுறுத்துகிறோம்.

மூன்றாவது, பிரதம மந்திரி சுரக்ஷா பீமா யோஜனா. ஆண்டுக்கு 20 ரூபாய் வங்கிக் கணக்கிலிருந்து பிடிக்கப்படும். விபத்தில் இறந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாய் கிடைக்கும். 18 முதல் 70 வயது வரை உள்ளவர்கள் சேரலாம். இது மற்ற இரண்டுக்கும் மாற்றாகாது. ஆனாலும் 20 ரூபாய்க் காப்பீடுகூட இல்லாமல் ஒருவரை வேலைக்கு அழைத்துப் போவதற்குச் சாக்கே கிடையாது.

ஓர் எச்சரிக்கை. புல் வெட்டப் போன இடத்தில், "அப்படியே அந்தத் தென்னமரத்துல காஞ்ச மட்டையையும் இறக்கிடுப்பா" என்பார் வீட்டுக்காரர். பாலிசி எடுக்கும்போது மரம் ஏறும் வேலையைக் குறிப்பிடாவிட்டால், விழுந்து அடிபட்டவருக்கு க்ளெய்ம் மறுக்கப்படலாம். பாலிசியில் இல்லாத வேலையை ஒப்புக்கொள்ளாதீர்கள்.

2. பதிவு: செலவில்லாதது, பயனுள்ளது

உதயம் பதிவுக்குக் கட்டணம் இல்லை. 2020 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள இந்தப் பதிவை ஆதார், பான் எண்களைக் கொண்டு அரசின் இணையதளத்தில் நாமே செய்துகொள்ளலாம். இதற்கு இடைத்தரகர்களிடம் பணம் கொடுக்க வேண்டியதில்லை. ஜிஎஸ்டி வரம்புக்குக் கீழே இருப்பவர்கள் ஜிஎஸ்டி எண் இல்லாமலே பதிவு பெறலாம்.

இதன் பெரிய பயன் வசூலில் இருக்கிறது. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் வளர்ச்சிச் சட்டப்படி, பதிவு பெற்ற குறுந்தொழிலுக்குத் தரவேண்டிய தொகையை அதிகபட்சம் 45 நாட்களுக்குள் தந்துவிட வேண்டும். தவறினால் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டுவட்டி சேரும். "அடுத்த மாசம் பார்க்கலாம்" என்று இழுத்தடிப்பவர்களிடம் காட்ட இதைவிட நல்ல காகிதம் இல்லை.

பூச்சிமருந்து தெளிப்பதையும் வணிகமாகச் செய்வதானால் 1968-ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்ட விதிகளின்படி தனி உரிமம் வேண்டும். உரிமம் இல்லாதவர்கள் அந்த வேலையை உரிமம் உள்ளவரிடம் விட்டுவிட வேண்டும்.

3. வரி: எல்லை எது என்று தெரிந்துகொள்ளுங்கள்

சேவைத் தொழிலுக்கு ஜிஎஸ்டி பதிவு கட்டாயமாவது நிதியாண்டில் மொத்த விற்றுமுதல் 20 லட்சம் ரூபாயைத் தாண்டும்போது. மாதம் 8,000 ரூபாய் வீதம் 20 இடங்களைப் பராமரித்தால் ஆண்டுக்கு 19,20,000 ரூபாய், பதிவு தேவையில்லை. ஆண்டு முழுவதும் இன்னோர் இடம் சேர்ந்தால் 20,16,000 ரூபாய், பதிவு வேண்டும். பலர் தவறுவது செடி விற்பனையில். உயிர்ச் செடிகளுக்கு ஜிஎஸ்டி இல்லை என்றாலும், அவற்றை விற்ற தொகையும் இந்த 20 லட்சக் கணக்கில் சேரும். வரம்பைத் தாண்டிய 30 நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும்.

தொடக்கத்திலேயே எடுத்துவிட்டால் மதிப்புக் கூடுமே என்று எங்கள் உறுப்பினர்களிலேயே சிலர் சொல்கிறார்கள். வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் நிறுவனங்களாக இருந்தால் அது சரி. அவர்கள் கட்டும் வரியை உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ள முடியும். வீட்டுக்காரர்களுக்கு அந்த வசதி இல்லை. 18 சதவீத வரி சேர்ந்தால் 8,000 ரூபாய்க் கட்டணம் 9,440 ஆகிவிடும். ரிட்டர்ன் தாக்கல் செய்யும் சுமையும் கூடவே வரும். பதிவு இல்லாமல் பில்லில் "ஜிஎஸ்டி" என்று எழுதி வசூலிப்பதோ சட்டவிரோதம். அப்படிச் செய்பவர்களைச் சங்கம் ஆதரிக்காது.

வருமான வரியில் உத்தேச வருமான முறை சிறு தொழிலுக்கு ஏற்றது. வங்கி வழியாக வந்த தொகையில் குறைந்தது 6 சதவீதத்தையும், ரொக்கத்தில் 8 சதவீதத்தையும் லாபமாகக் காட்டினால், விரிவான கணக்குப் புத்தகங்கள் இல்லாமலே தாக்கல் செய்யலாம். உண்மையான லாபம் கூடுதலாக இருந்தால் அதையே காட்ட வேண்டும். நிறுவனங்கள் தனிநபர் ஒப்பந்தக்காரரிடம் 1 சதவீதம் டிடிஎஸ் பிடிக்கும். பான் எண் தராவிட்டால் 20 சதவீதம் போய்விடும். வரி கட்டும் அளவுக்கு வருமானம் இல்லாவிட்டாலும் ரிட்டர்ன் தாக்கல் செய்தால்தான் பிடித்த தொகை திரும்பக் கிடைக்கும்.

4. எங்கள் கோரிக்கைகள்

குடியிருப்போர் சங்கங்களுக்கு: சட்டம் கேட்காத ஜிஎஸ்டி எண்ணைக் காட்டிச் சிறு ஒப்பந்தக்காரர்களைத் தள்ளாதீர்கள். அதற்குப் பதிலாகக் காப்பீட்டுப் பத்திரத்தின் நகலைக் கேளுங்கள். அதற்கான பிரீமியத்தைக் கட்டணத்தில் சேர்த்துத் தர மனம் வையுங்கள். மிகக் குறைந்த விலை சொல்பவர் காப்பீட்டை விட்டுவிட்டு அந்த விலையைச் சொல்லியிருக்கலாம்.

அரசுக்கு: பத்துப் பேருக்குக் குறைவான குழுக்களும் விருப்பத்தின் பேரில் இஎஸ்ஐயில் சேரும் வழியை எளிமையாக்கி, தமிழில் விளம்பரப்படுத்த வேண்டும். பொதுத்துறைக் காப்பீட்டு நிறுவனங்கள், தோட்ட வேலைக் குழுக்களுக்கு மூன்று வகைப் பாதுகாப்பையும் சேர்த்து ஒரே பாலிசியாகத் தர வேண்டும்.

உறுப்பினர்களுக்கு: தொழிலுக்கெனத் தனி வங்கிக் கணக்கு, எண்ணிட்ட பில், எழுத்தில் ஒப்பந்தம் ஆகிய மூன்றையும் இந்த மாதமே தொடங்குங்கள்.

புதிதாக இந்தத் தொழிலுக்கு வரும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை: இரண்டாவது இயந்திரம் வாங்கச் சேர்த்து வைத்திருக்கும் பணத்தில் முதலில் பாலிசியை எடுங்கள். இயந்திரத்தை அடுத்த மாதம் வாங்கிக்கொள்ளலாம்.