தஞ்சாவூரில் எங்கே ரூம் போடுவது?

பாரிஸ், ரோம் போகிறவர்கள் ஊர் நடுவில் ஹோட்டல் தேடுவார்கள். தஞ்சாவூர் வருகிறவர்களில் பலர் வாடகை குறைவு, கார் நிறுத்த இடமுண்டு என்று பைபாஸ் பக்கம் ரூம் போட்டுவிடுகிறார்கள். இது தப்புக் கணக்கு.

காரணம் மதிய நேரம். பெரிய கோயிலில் மதியம் நடை சாத்தினால் மாலை 4 மணி வாக்கில்தான் திறக்கும். அந்த வெயிலில் கல் தரையில் வெறுங்காலோடு நிற்க யாரால் முடியும்? ரயில் நிலையத்துக்கும் பழைய பஸ் ஸ்டாண்டுக்கும் இடையில் தங்கியவர்கள் ரூமுக்குப் போய்ப் படுத்து எழுந்து, மாலையில் நடந்தே திரும்பிவிடலாம். அரண்மனையும் சரஸ்வதி மகால் நூலகமும் அங்கிருந்து பக்கம்தான். ஊருக்கு வெளியே தங்கியவர்களுக்கோ, வாடகையில் மிச்சம் பிடித்தது ஆட்டோவிலேயே கரைந்துவிடும்.

ஆனால், 2004-ல் பெரிய கோயிலோடு யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த தாராசுரம், கங்கைகொண்ட சோழபுரம் இரண்டையும் பார்க்கிற திட்டமென்றால் கும்பகோணம்தான் நடு ஊர். அங்கிருந்து தாராசுரம் சுமார் 4 கி.மீ., கங்கைகொண்ட சோழபுரம் சுமார் 35 கி.மீ., தஞ்சாவூர் சுமார் 40 கி.மீ.

எதைப் பார்க்கப் போகிறோம் என்று முடிவு செய்துவிட்டு ரூம் தேடுவதே சரி. கூட வயதானவர்கள் வந்தால், வாடகைக்கு முன்னால் தூரத்தைத்தான் விசாரிக்க வேண்டும்.