ஆடைக் காட்சியிற் கூறப்படாத பெயர்கள்

சென்ற ஆடித் திங்களில் நம் வட்டாரத்து ஆடை வடிவமைப்பாளர் பலர் ஒருங்குகூடி மதுரை மாநகரில் ஆடைக் காட்சியொன்று நடத்தினர். ‘ஃபேஷன் வாரம்’ என்பது அவர்கள் அதற்கு இட்ட பெயர். தமிழ்ச் சிறப்பு வகுப்பு மாணவனுக்கு அங்கே என்ன வேலை என்று நண்பர்கள் நகைத்தனர். ஆயினும் யான் செல்லுதற்கு ஒரு காரணம் இருந்தது. அழைப்பிதழிற் ‘சுங்குடி’ என்னும் சொல்லைக் கண்டேன். எம் அன்னையார் இருபது ஆண்டுகளாகச் சுங்குடிக்கு முடிச்சுக் கட்டுபவர். இக்கல்லூரியில் யான் செலுத்திய முதற் கட்டணம் அம்முடிச்சுகளின் கூலியே. ஆதலின் அவரையும் உடனழைத்துச் சென்றேன்.

விளக்கொளி மிக்க நீண்ட மேடையில் இளைஞரும் இளநங்கையரும் இசைக்கேற்ப ஒருவர்பின் ஒருவராக நடந்து வந்தனர். செட்டிநாட்டுக் கண்டாங்கி ஆண்களின் மேற்சட்டையாகியிருந்தது. சுங்குடி, பாவாடையும் மேலங்கியுமாக உருமாறியிருந்தது. வேட்டிக்கரை ஒரு நங்கையின் சட்டைக் கழுத்தை அழகு செய்தது. இவை மெய்யாகவே கண்ணைக் கவர்ந்தன. இத்தகைய காட்சிகளை வீண் ஆடம்பரம் என்று தள்ளுவார் கூற்றை யான் ஒப்பேன். நெய்தது விற்றாலன்றித் தறி ஓடாது. நாள்தோறும் சேலை உடுத்தும் வழக்கம் இளையோரிடம் அருகிவரும் இக்காலத்தில், பழந்துணிக்குப் புதுவடிவம் தருவோர் தறிக்கு உறவினரே ஆவர்.

நிற்க. ஒவ்வொரு பகுதியின் இறுதியிலும் வடிவமைப்பாளர் மேடையேறினார், அவர் பெயர் கூறப்பட்டது, கரவொலி எழுந்தது. நடந்து வந்தோர் பெயர், முக ஒப்பனை செய்தோர் பெயர், விளக்கு அமைத்தோர் பெயர், பொருளுதவிய கடைகளின் பெயர் யாவும் அறிவிக்கப்பட்டன. நெய்தவர், சாயம் தோய்த்தவர், முடிச்சிட்டவர் ஆகியோருள் ஒருவர் பெயரேனும் செவியில் விழவில்லை. ‘மதுரைத் தாய்மாரின் கைவண்ணம்’ என்று பொதுவாக ஒரு சொல் மட்டும் கூறப்பட்டது.

அவ்வேளையிற் சிவந்த சுங்குடி அணிந்த நங்கையொருத்தி எம் இருக்கைக்கு அருகில் வந்து திரும்பினாள். அன்னையார் சற்றே முன்குனிந்து நோக்கி, “தம்பி, இது கட்டினதில்லை, அச்சு” என்றார். “எப்படித் தெரிந்தது, அம்மா?” என்றேன். “புள்ளியெல்லாம் ஒரே அளவு, துணியும் தட்டையாகக் கிடக்கிறது. கட்டின புள்ளி கொஞ்சம் புடைத்து நிற்கும், ஒன்று போல் ஒன்று இராது” என்றார். மேடையிலோ அதே துணி பல தலைமுறை கண்ட கைத்தொழில் என்று புகழப்பட்டுக்கொண்டிருந்தது!

சுங்குடியின் சிறப்பு யாதெனின், துணியைச் சிறிது சிறிதாகக் கிள்ளியெடுத்து நூலால் இறுகக் கட்டிச் சாயத்தில் தோய்ப்பர். காய்ந்தபின் கட்டை அவிழ்க்க, சாயம் புகாத இடம் வெண்புள்ளியாக நிற்கும். ஒரு சேலைக்கு இங்ஙனம் பல்லாயிரம் முடிச்சுகள் வேண்டும். மதுரைச் சௌராட்டிர மக்கள் வளர்த்த இக்கலைக்கு 2005ஆம் ஆண்டிலும், கண்டாங்கிச் சேலைக்கு 2019ஆம் ஆண்டிலும் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆயின், குறியீடு ஊரின் பெயரைக் காக்குமேயன்றி, முடிச்சிட்ட கையின் பெயரை எவர்க்கும் அறிவிப்பதன்று.

அச்சுத் துணியை யான் இழித்துரைக்கவில்லை. எளியோர் உடுக்க அதுவும் வேண்டும். அதனை அச்சென்றே கூறுவது நேர்மை என்பதே என் கருத்து. செய்தவர் பெயரைக் கூறியே தீரவேண்டும் என்னும் முறை அம்மேடையில் இருந்திருப்பின், அச்சவ்வாடைக்கு முடிச்சிட்டவர் என்று எவரைக் கூறியிருப்பர்? பெயர் கூறாத இடத்திற் பொய் எளிதிற் புகுந்துவிடுகின்றது. எனவே, இது கைத்தொழிலாளரின் மானத்தைப் பற்றியது மட்டுமன்று. வாங்குவோர் ஏமாறாமையைப் பற்றியதும் ஆம்.

நம் முன்னோர் இவ்வகையில் நம்மினும் கூரிய நோக்குடையராயிருந்தனர். புகார் நகரின் இந்திரவிழாவைக் கூறப் புகுந்த இளங்கோவடிகள், பட்டும் மயிரும் பருத்தியும் கொண்டு நெய்யும் காருகர் வாழ்ந்த இடத்தை மறவாது குறித்தார். இரவில் எழுந்து சிறுவிளக்கொளியில் வேலை செய்த பருத்திப் பெண்டைப் புறநானூறு நமக்குக் காட்டுகின்றது. அவள் பெயர் நமக்குக் கிட்டவில்லையெனினும், விளக்கொளி அவள்மீது விழுந்தது. நம் மேடையின் விளக்குகளோ அவள் வழிவந்தோரை இருளில் விட்டுவிட்டன.

ஓர் ஆடையிற் பலர் கை படுகின்றதே, அனைவர் பெயரையும் கூறல் இயலுமோ எனின், விளக்கு அமைத்தவர் பெயரைக் கூற நேரம் இருந்ததன்றோ? 1935ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற கோ-ஆப்டெக்ஸ் நிறுவனம் நெய்தவரின் படத்தையும் பெயரையும் சேலையோடு இணைத்து விற்றதுண்டு. கடையில் இயன்றது மேடையில் இயலாதோ?

பிறர்க்குக் கூறுமுன் நம் கல்லூரியையும் நோக்குவோம். விழாதோறும் விருந்தினர்க்குப் பொன்னாடை போர்த்துகின்றோம். அதனை நெய்தவர் யாரென்று ஒருநாளேனும் வினவினோமா? வரும் தமிழ் மன்ற விழாவிற் கைத்தறி ஆடையே போர்த்தி, நெய்தவர் பெயரையும் வரவேற்புரையிற் கூறுமாறு மன்றத்தாரை வேண்டுகின்றேன்.

வீடு திரும்புகையில் அன்னையார் காட்சியைப் பற்றிக் குறையொன்றும் கூறவில்லை. பேருந்தில் அமர்ந்தபின், “அந்த நீலச் சேலை கட்டினதுதான். யார் கட்டினதோ, நல்ல கை” என்றார். அவ்வினாவிற்கு விடை அழைப்பிதழில் அச்சாகியிருத்தல் வேண்டும். யான் வேண்டுவது இவ்வளவே.